11 இன்னிங்ஸ் பேஸ்பால் ஆட்டத்துல ஸ்கோர்ஷீட் கணக்கு 2 இடிக்குது, எங்கே தப்பு?

ஒன்பதுகட்டம்:

வணக்கம். அமெரிக்காவோட மேஜர் லீக் பேஸ்பால் ஆட்டங்களுக்கு எக்செல்ல ஸ்கோர்ஷீட் போடறேன். ஆட்டம் முடிஞ்சதும் ஒரு சரிபார்ப்புக் கணக்கு ஓடும். இடது பக்கம், டீமோட பேட்டர்கள் மொத்தம் எத்தனை தடவை பேட் பிடிச்சாங்க. வலது பக்கம், ரன் + பேஸில் மிச்சம் நின்னவங்க + எதிரணி எடுத்த அவுட். ரெண்டும் சமமா வரணும். 9 இன்னிங்ஸ் ஆட்டத்துல வருது. 11 இன்னிங்ஸ் போன ஒரு ரெகுலர் சீசன் ஆட்டத்துல மட்டும் வரலை.

விசிட்டிங் டீம்: அட்-பேட் (பின்னால வர்ற நாலும் சேராத பேட்டிங் தடவை) 38, வாக் (நாலு தப்புப் பந்தால கிடைக்கற இலவச பேஸ்) 4, ஹிட் பை பிட்ச் (பந்து மேல பட்டதால கிடைக்கற பேஸ்) 1, சாக்ரிஃபைஸ் பன்ட் (தான் அவுட் ஆகி ரன்னரை நகர்த்த மெல்லத் தட்டறது) 0, சாக்ரிஃபைஸ் ஃப்ளை (கேட்ச் ஆனாலும் ரன் வர்ற அடி) 1. மொத்தம் 44. வலது பக்கம் ரன் 5, மிச்சம் 8, அவுட் 33. மொத்தம் 46.

ஹோம் டீம் (அதே வரிசையில): 37 + 3 + 0 + 1 + 1 = 42. வலது பக்கம் 6 + 7 + 31 = 44.

ரெண்டு டீமுக்கும் அதே 2 குறையுது. எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ்தான் ஷீட்டைக் குழப்புதோன்னு பார்த்தா, 2025 வேர்ல்ட் சீரிஸ் 3-வது ஆட்டம் (டாட்ஜர்ஸ் – புளூ ஜேஸ், 18 இன்னிங்ஸ்) அதே ஷீட்ல பிசகில்லாம சமமாகுது.

கூடவே இன்னும் மூணு சந்தேகம். 11-வது இன்னிங்ஸ் கீழ்ப்பாதியில (ஹோம் டீம் பேட் பிடிக்கற பாதி) முதல் பேட்டர் ஃப்ளை அவுட், அடுத்தவர் வாக், அதுக்கடுத்தவர் டபுள் (ரெண்டு பேஸ் அடி), ரெண்டு ரன், ஆட்டம் முடிஞ்சுது. பிட்சர் (பந்து வீசறவர்) பேர்ல எர்ண்ட் ரன் (அவர் பொறுப்பா எண்ணப்படற ரன்) 2 போட்டேன். அதிகாரபூர்வ பாக்ஸ் ஸ்கோர்ல (ஆட்டத்தோட புள்ளிவிவர அட்டவணை) 1-னு இருக்கு. அப்புறம் 10-வது இன்னிங்ஸ் மேல்பாதியில செகண்ட் பேஸ்ல நிக்கற ரன்னரா 3-ம் நம்பர் பேட்டரை ஷீட் காட்டுது. உண்மையில நின்னவர் 4-ம் நம்பர். கடைசியா, ரெக்கார்டிங்குக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? பல ஆட்டம் கடைசியில வெட்டுப்படுது.

தாள்சரிபார்ப்பு:

ஷீட்டில் பெரிய கோளாறு எதுவும் இல்லை. ஃபார்முலா பழைய விதிக்கு எழுதப்பட்டது, அவ்வளவுதான்.

2020 முதல் ரெகுலர் சீசனில் 10-வது இன்னிங்ஸிலிருந்து ஒவ்வொரு அரை இன்னிங்ஸும் செகண்ட் பேஸில் ஒரு ரன்னரோடு தொடங்குகிறது. முதலில் தற்காலிக ஏற்பாடாக வந்தது, 2023-ல் நிரந்தரமானது. அந்த ரன்னர் பேட் பிடித்து அங்கே போகவில்லை. எனவே இடது பக்கத்தில் அவருக்கு இடமே இல்லை. ஆனால் அவர் ரன் எடுத்தாலும், அவுட் ஆனாலும், மிச்சம் நின்றாலும் வலது பக்கத்தில் ஒன்று கூடும். 10, 11 என்று இரண்டு அரை இன்னிங்ஸ், ஆகவே 2 வித்தியாசம். வேர்ல்ட் சீரிஸ் உள்ளிட்ட போஸ்ட்சீசனில் (ரெகுலர் சீசனுக்குப் பிந்தைய பிளே-ஆஃப்) இந்த விதி கிடையாது. அதனால்தான் அந்த 18 இன்னிங்ஸ் ஆட்டம் தானாகவே சமமானது.

திருத்தம்: இடது பக்கத்தில் ‘தானியங்கி ரன்னர்’ என்று ஒரு கட்டம் சேர்த்து, 9-வது இன்னிங்ஸுக்குப் பிறகு அந்த டீம் பேட் பிடித்த அரை இன்னிங்ஸ் எண்ணிக்கையைப் போடுங்கள். 44 + 2 = 46, 42 + 2 = 44. போஸ்ட்சீசன் ஆட்டத்துக்கு அந்தக் கட்டம் 0. ஆட்ட வகையை ஒரு செல்லில் தேர்வு செய்து அதோடு இணைத்துவிட்டால் மறந்து போகாது. கேட்சர் குறுக்கீட்டால் பேஸ் கிடைத்தவருக்கும் இடது பக்கத்தில் ஒரு கட்டம் வேண்டும். உங்கள் கூட்டலில் அது இல்லை. அரிதாகத்தான் வரும், வரும்போது கணக்கு 1 இடிக்கும்.

எர்ண்ட் ரன்: பாக்ஸ் ஸ்கோர்தான் சரி. எர்ண்ட் ரன் கணக்குக்கு மட்டும் தானியங்கி ரன்னர் எரரால் (ஃபீல்டிங் பிழையால்) பேஸுக்கு வந்தவராகப் பார்க்கப்படுகிறார். ஆனால் எந்த ஃபீல்டர் பேரிலும் எரர் ஏறாது. ஆகவே அவர் எடுத்த முதல் ரன் அன்எர்ண்ட். வாக்கில் வந்தவர் எடுத்த வெற்றி ரன் எர்ண்ட். பிட்சர் வரியில் ரன் 2, எர்ண்ட் ரன் 1. பேட்டர் பக்கம் எந்தத் தள்ளுபடியும் இல்லை: டபுள் அடித்தவருக்கு ஆர்பிஐ (அவர் அடியால் வந்த ரன்) 2, தானியங்கி ரன்னருக்கு ரன் 1. அந்த ரன்னருக்கு அட்-பேட்டோ, ஆன்-பேஸ் கணக்கோ எதுவும் ஏறக் கூடாது.

இன்னிங்ஸின் நடுவில் பிட்சர் மாறினால் தானியங்கி ரன்னரின் ரன் அந்த இன்னிங்ஸைத் தொடங்கிய பிட்சர் கணக்கில்தான் போகும். பலர் இங்கே சறுக்குகிறார்கள்.

இடக்கைவீச்சு:

மூணாவது சந்தேகத்துக்கு வரேன். விசிட்டிங் டீமோட 9-வது இன்னிங்ஸ் எப்படி முடிஞ்சுது? ஸ்டீல் பண்ணப் போய் (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடி) யாராவது அவுட்டா?

ஒன்பதுகட்டம்:

ஆமா ப்ரோ. 3-ம் நம்பர் ஃபர்ஸ்ட் பேஸ்ல இருந்தார், 4-ம் நம்பர் ஸ்ட்ரைக் அவுட், 5-ம் நம்பர் பேட் பிடிச்சிட்டிருக்கும்போது 3-ம் நம்பர் செகண்ட் பேஸ் ஸ்டீல் பண்ணப் போய் அவுட்.

இடக்கைவீச்சு:

அப்ப விஷயம் அதேதான். உங்க ஷீட் ‘கடைசியா அவுட் ஆனவர்’னு தேடுது. டிவியிலயும் சிலர் அப்படித்தான் விளக்கறாங்க, அது முக்கால்வாசி ஆட்டத்துல சரியா அமைஞ்சிடறதால யாரும் கவனிக்கறதில்லை. விதி சொல்றது வேற: அந்த இன்னிங்ஸ்ல முதல்ல பேட் பிடிக்கப் போறவருக்கு, பேட்டிங் வரிசையில உடனே முந்தி இருக்கறவர்.

5-ம் நம்பர் டர்ன் முடியறதுக்குள்ள மூணாவது அவுட் விழுந்துடுச்சு, அதனால 10-வதுல அவரே மறுபடி முதல்ல வருவார். அவருக்கு முந்தினவர் 4. ஃபார்முலாவுல ‘முதல் பேட்டர் நம்பர் கழித்தல் 1’னு வைங்க, முதல் பேட்டர் 1-ம் நம்பரா இருந்தா 9-னு வரணும்.

செகண்ட் பேஸ்ல நிக்கறவருக்குப் பதிலா பின்ச் ரன்னர் (மாற்று ஓட்டக்காரர்) அனுப்பலாம். மெதுவா ஓடற கேட்சர் அங்க நிக்க வேண்டியிருந்தா மேனேஜர்கள் யோசிக்காம மாத்துவாங்க. ஆனா வெளிய போன கேட்சர் திரும்ப வர முடியாது, பெஞ்சுல இன்னொரு கேட்சர் இருக்கணும். ஷீட்ல புதுப் பேரை அதே வரிசை எண்ணுக்குக் கீழ எழுதணும். டிஎச் (பிட்சருக்குப் பதிலா பேட் மட்டும் பிடிக்கறவர்) போயி பிட்சரே பேட்டிங் வரிசையில வந்துட்ட ஆட்டத்துல மட்டும் ஒரு சலுகை உண்டு: நிக்க வேண்டியவர் பிட்சர்னா, அவருக்கும் முந்தின பேட்டரை நிறுத்திக்கலாம்.

அக்டோபர்மாலை:

ரெக்கார்டிங் கேள்விக்கு யாரும் வரலையே. ரெகுலர் சீசனையும் போஸ்ட்சீசனையும் ஒரே அளவுல வைக்காதீங்க.

9 இன்னிங்ஸ் ஆட்டத்தோட சராசரி 2021-ல 3 மணி 10 நிமிஷம் வரை போச்சு. பிட்ச் கிளாக் (பிட்சர் பந்து வீச நேர வரம்பு) வந்த 2023-ல சுமார் 2 மணி 40 நிமிஷத்துக்கு இறங்குச்சு. இடைவேளையையும் சேர்த்தா ஒரு முழு இன்னிங்ஸ் சராசரியா 18 நிமிஷம். எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ்ல அதைவிடக் கொஞ்சம் கூடவே வைங்க. பேஸ் காலியா இருந்தா கிளாக் 15 வினாடி, ரன்னர் இருந்தா 18 (2023-ல 20 ஆக இருந்தது). 10-வதுல முதல் பந்திலேயே ரன்னர் நிக்கறாரே. இன்டென்ஷனல் வாக் (வேணும்னே கொடுக்கற வாக்), பிட்சர் மாற்றம் எல்லாம் அங்கதான் குவியும். ஒவ்வொரு எக்ஸ்ட்ரா இன்னிங்ஸுக்கும் மவுண்ட் விசிட் (பிட்சர்கிட்ட போய்ப் பேசற வாய்ப்பு) ஒண்ணு கூடுதலாவும் கிடைக்கும்.

ரெகுலர் சீசனுக்கு 4 மணி நேரம் ஒதுக்குங்க, பெரும்பாலானது அடங்கிடும். தானியங்கி ரன்னர் இருந்தும் நீண்டது உண்டு: 2021 ஆகஸ்ட் 25 டாட்ஜர்ஸ் – பாட்ரேஸ் ஆட்டம் 16 இன்னிங்ஸ்.

அக்டோபர்ல நடக்கற போஸ்ட்சீசனுக்கு உச்சவரம்பே கிடையாது. 2018 வேர்ல்ட் சீரிஸ் 3-வது ஆட்டம் 18 இன்னிங்ஸ், 7 மணி 20 நிமிஷம். நீங்க சொன்ன 2025 ஆட்டமும் 18 இன்னிங்ஸ்தான், 6 மணி 39 நிமிஷத்துல முடிஞ்சுது. ஃப்ரெடி ஃப்ரீமன் ஹோம் ரன். 2022-ல ஹூஸ்டன் – சியாட்டில் 17 இன்னிங்ஸ் வரை 0-0, 18-வதுல ஹெரமி பெனியா அடிச்ச ஒரே ஹோம் ரன்னோட 1-0. 8 மணி நேரம் வைங்க, இல்லேன்னா அடுத்து வர்ற நிகழ்ச்சியையும் சேர்த்துப் பதிவு பண்ணுங்க.

புல்பென்வாசல்:

கணக்கு ஆளுங்க நடுவுல ஒரு கேள்வி. ரன்னரை இலவசமா செகண்ட் பேஸ்ல நிறுத்திட்டாங்க, அப்புறம் ஏன் எல்லா டீமும் பன்ட் அடிச்சு மூணாவது பேஸுக்கு நகர்த்தறதில்லை? சூப்பர் ஓவர் மாதிரிதானே, ஒரு ரன் போதும்ல?

இடக்கைவீச்சு:

யாருக்கு ஒரு ரன் போதும்னு பாருங்க, விடை அதுலயே இருக்கு. செகண்ட்ல ரன்னர், அவுட் இல்லைன்னா சராசரியா 1.1 ரன் கிட்ட வரும்; குறைஞ்சது ஒரு ரன் வர்ற வாய்ப்பு 60 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. பன்ட் சரியா விழுந்து தேர்டுல ரன்னர், ஒரு அவுட்னு ஆனா, சராசரி 1-க்குக் கீழ இறங்கும், ஒரு ரன் வர்ற வாய்ப்பு மட்டும் 65 சதவீதப் பக்கம் ஏறும். அதுவும் பன்ட் சரியா விழுந்தாத்தான்.

மேல்பாதியில ஆடற விசிட்டிங் டீமுக்கு எவ்வளவு போதும்னு தெரியாது. ஹோம் டீமும் இலவச ரன்னரோடதான் வரப் போகுது. அதனால அவங்க பன்ட் அடிச்சா சொந்தக் காசுல சூனியம். மேல்பாதி பூஜ்யமா முடிஞ்சா, கீழ்ப்பாதியில ஹோம் டீம் பன்ட் அடிக்கறதுல அர்த்தம் இருக்கு. அப்பவும் எதிரணி அடுத்த ரெண்டு பேரை இன்டென்ஷனல் வாக் கொடுத்து பேஸை நிரப்பி, ஹோம்ல ஃபோர்ஸ் அவுட்டுக்கோ (ரன்னரைத் தொடாம பேஸை மிதிச்சே எடுக்கற அவுட்) டபுள் பிளேக்கோ (ஒரே பந்துல ரெண்டு அவுட்) வழி பண்ணிடும். என் கருத்து: நல்லா அடிக்கறவர் முதல்ல வந்தா பன்ட் வீண்.

தாள்சரிபார்ப்பு:

வேறு நாட்டு ஆட்டங்களையும் இதே ஷீட்டில் போடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஜப்பான் தொழில்முறை லீக்கின் ரெகுலர் சீசனில் தானியங்கி ரன்னர் இல்லை. 12 இன்னிங்ஸில் சமமாக நின்றால் டிரா. கொரியாவில் வரம்பு 12 ஆக இருந்து 2025-ல் 11 ஆகக் குறைந்தது. இரண்டுக்கும் திருத்தக் கட்டம் 0. ஆனால் ஜப்பான் உயர்நிலைப் பள்ளிகளின் கோஷியென் போட்டியில் 2023 முதல் 10-வது இன்னிங்ஸிலிருந்து ஃபர்ஸ்ட், செகண்ட் இரண்டிலும் ரன்னர். டோக்கியோ ஒலிம்பிக்கிலும் அப்படித்தான். அங்கே ஒரு அரை இன்னிங்ஸுக்கு 2 கூட்ட வேண்டும். எனவே ‘எத்தனை ரன்னர்’ என்பதை ஃபார்முலாவுக்குள் எண்ணாக எழுதாமல் தனிச் செல்லில் வையுங்கள்.

மழையால் நிறுத்திப் பின்னொரு நாள் தொடரும் ஆட்டத்துக்குப் புதுத் தாள் போடாதீர்கள். விட்ட பேட்டர், விட்ட பந்திலிருந்து அதே தாள் தொடர வேண்டும். 2024 ஜூன் 26 அன்று பாஸ்டனில் நின்ற ஆட்டம் ஆகஸ்ட் 26-ல் தொடர்ந்தபோது, முதலில் டொரோண்டோவுக்குப் பேட் பிடித்துக்கொண்டிருந்த டேனி ஜான்சன், இடையில் டீம் மாறி, பாஸ்டனின் கேட்சராக உட்கார்ந்திருந்தார்! பேரை வைத்துத் தேடும் ஃபார்முலா அங்கே படுத்துவிடும். டீம் + பேர் என்று சேர்த்துத் தேடினால் தப்பிக்கும்.

ஒன்பதுகட்டம்:

ரெண்டு பக்கமும் சமமாயிடுச்சு, ரன்னரும் 4-ம் நம்பர்னு வந்துட்டார். நன்றி. கையோட பழைய ஒரு 10 இன்னிங்ஸ் ஆட்டத்தையும் ஓட்டினேன். விசிட்டிங் சரி. ஹோம் டீம்ல திருத்தம் போட்ட பிறகும் இடது பக்கம் 1 அதிகமா நிக்குது. கடைசிக் காட்சி: பேஸ் லோடட் (மூணு பேஸ்லயும் ரன்னர்), வைல்ட் பிட்ச் (கேட்சர் பிடிக்க முடியாதபடி தப்பா வீசின பந்து), தேர்டுல இருந்தவர் ஓடி வந்து ஜெயிப்பு.

தாள்சரிபார்ப்பு:

அந்தக் கடைசிப் பேட்டரை எடுத்துவிடுங்கள். வெற்றி ரன் வைல்ட் பிட்ச், பாஸ்ட் பால் (கேட்சர் தவறவிட்ட பந்து), பால்க் (பிட்சரின் விதிமீறல் அசைவு), ஸ்டீல் இவற்றால் வந்தால் அப்போது பேட் பிடித்து நின்றவரின் டர்ன் முடியவே இல்லை. இடது பக்கத்தில் அவர் வரக் கூடாது, மிச்சம் நின்றவர்களிலும் சேராது. ஃபர்ஸ்ட்டிலும் செகண்டிலும் நின்ற இருவர் மட்டும் மிச்சம். ஸ்டீலில் மூன்றாவது அவுட் விழும்போது நிற்கும் பேட்டருக்கும் இதே விதிதான்.

இடக்கைவீச்சு:

இடது பக்கம் சரியா இருந்தும் வலது பக்கம் 1 குறைஞ்சா ஃபோர்ஸ் அவுட்டைப் பாருங்க. ஃபர்ஸ்ட்ல ரன்னர், பேட்டர் கிரவுண்டர் (தரையோட உருண்டு போற பந்து) அடிச்சு, செகண்ட்ல ஃபோர்ஸ் அவுட், அது மூணாவது அவுட்: ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஓடின பேட்டர் மிச்சம் நின்னவரா எண்ணப்படணும். பேஸைத் தொடாததால ஷீட் அவரை விட்டுடும்.

இன்னொண்ணு, வாக்-ஆஃப் ஹிட்டுக்கு (ஜெயிச்சு ஆட்டத்தை முடிக்கற அடி) எத்தனை பேஸ் போடறீங்கன்னும் சரிபாருங்க. வெற்றி ரன் தேர்டுல இருந்து வந்தா, பந்து சுவரைத் தொட்டாலும் பேட்டருக்கு சிங்கிள்தான், ரன்னும் ஒண்ணுதான். செகண்ட்ல இருந்து வந்தா, பேட்டர் செகண்ட் வரை ஓடித் தொட்டாத்தான் டபுள். கொண்டாட்டத்துல நடுவழியில நின்னுட்டா சிங்கிள். பந்து வேலியைத் தாண்டின ஹோம் ரன்னுக்கு மட்டும் பேஸ்ல இருந்த எல்லா ரன்னும் சேரும்.