‘பங்க் புளூஸ்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். கல்லூரியில் மேலையிசை வரலாறு நடத்துகிறேன். பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அமெரிக்காவில் மிசிசிப்பியின் வடக்கு மலைப்பகுதியைச் சேர்ந்த புளூஸ் பாடகர் ஆர். எல். பர்ன்சைடும், நியூயார்க்கின் ராக் இசைக்கலைஞர் ஜான் ஸ்பென்சரும் அவருடைய குழுவும், 1996 பிப்ரவரியில் ஹோலி ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் சேர்ந்து பதிவுசெய்த இசைத்தொகுப்பைப் பற்றி அதில் ஒரு பகுதி வருகிறது. அதை ‘இணைத்தொகுப்பு’ என்றும், பங்க் ராக்கின் முரட்டு ஒலியும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் புளூஸ் இசையும் கலந்த அதன் வகையைப் ‘பங்க் புளூஸ்’ என்றும் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த மாணவி, பெட்ரோல் பங்க்குக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. பொருள் விளங்கும் சொல் ஒன்று வேண்டும்.

மறுமொழி:

ஐயா, புளூஸ் என்பது நிறத்தைக் குறிப்பதன்று, மனச்சோர்வைக் குறிப்பது. ஆகவே ‘நீல இசை’ என்று போய்விட வேண்டாம். நம்மிடம் ‘விளரி’ இருக்கிறது. ஏழிசையில் ஆறாவதன் பெயர் அது. நெய்தலுக்குரிய இரங்கற்பண்ணின் பெயரும் அதுவே. புறநானூற்றின் 291-ஆம் பாட்டில், களத்தில் கிடக்கும் தலைவனை நரி அணுகாதபடி விளரி பாடி விரட்டுவேன் என்கிறாள் அவன் மனைவி. அது துயரத்தோடு காவலும் செய்யும் பாட்டு. பர்ன்சைட் வயல்வேலை செய்தும் மீன்பிடித்தும் பிழைத்தவர். அவர் குரலிலும் வருத்தமும் அதட்டலும் பிரியாமல் வருகின்றன. பங்க் என்பதற்குக் ‘காவாலி’ பொருந்தும். காவல் இலி, அதாவது கட்டுக்கடங்காதவன். ஆக, ‘காவாலி விளரி’.

மறுமொழி:

விளரியை என் மாணவர்களில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. விளங்காத சொல்லை எடுத்துவிட்டு விளங்காத இன்னொன்றை வைப்பதால் ஆசிரியருக்கு என்ன பயன்? மேலும், விளரிக்கென்று சுர அமைப்பு உண்டு. மலைப்பகுதிப் புளூஸோ பெரும்பாலும் ஒரே சுரக்கூட்டில் நின்று, கிதாரில் ஒரே வரியை விடாமல் திருப்பித் திருப்பி அடிப்பது. ஸ்பென்சர் குழுவில் இரண்டு கிதாரும் டிரம்ஸும் மட்டுமே. பேஸ் கிதார் கிடையாது. இந்த வறண்ட, முரட்டு ஒலியைப் பண்ணின் பெயர் மறைத்துவிடும். காவல் இலி என்பது ‘காவலிலி’ என்றுதான் புணரும், ‘காவாலி’ ஆகாது. அது வசைச்சொல்லும்கூட. ‘கலக புளூஸ்’ போதும். மெய்யெழுத்து மொழிமுதலில் வராது என்பதால் ‘ப்ளூஸ்’ என்று எழுதாமல் விட்டதை மட்டும் பாராட்டுகிறேன்.

மறுமொழி:

அம்மா, பங்க் என்பதும் ஆங்கிலத்தில் வசையாக இருந்த சொல்தான். பாடியவர்கள் அதை விரும்பித் தாங்கிக்கொண்டார்கள். கலகம் என்றால் எதிரே ஒருவர் வேண்டும். இவர்கள் மெருகை வேண்டாமென்றார்கள், அவ்வளவே. புணர்ச்சி பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன்.

மறுமொழி:

‘இணைத்தொகுப்பு’ என்றும் எழுத வேண்டாம். பர்ன்சைடுக்கு அப்போது 69 வயது. அந்த இசைக்கு ஊற்று அவர். இணை என்றால் இருவரும் ஒரே நிறை என்று தோன்றும். ‘கூட்டுத்தொகுப்பு’ சரி.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. ‘கூட்டுத்தொகுப்பு’க்கு மறுப்பு வரவில்லை. மாணவர்களுக்குப் பொருள் விளங்க வேண்டும் என்பதால் ‘கலக புளூஸ்’ என்பதையே அச்சுக்கு அனுப்புகிறேன். ஒற்று மிகுமென்பதால் ‘கலகப் புளூஸ்’ என்று திருத்தியிருக்கிறேன்.

மறுமொழி:

ஒற்று சரி. கலகம் என்ற சொல்லில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. அடிக்குறிப்பிலாவது விளரி இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.