பனியில் தண்டவாளம்: படத்தில் பனி சாம்பலாக வருகிறது, உதவுங்கள்

வழிப்போக்கன்: அவசரம். நாளை மதியம் ஊர் திரும்புகிறேன். பனி மூடிய தண்டவாளத்தை நாற்பது படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் பனி அழுக்குச் சாம்பல், கொஞ்சம் நீலம் வேறு. நேரில் பளீரென்று வெள்ளையாக இருந்தது. கேமரா கெட்டுவிட்டதா?

நிழல்மரம்: கேமராவா, மொபைலா? எந்த மோட்? வெயிலா, மேகமூட்டமா? ராவா (கேமரா பதப்படுத்தாத கோப்பு), ஜேபெக்கா (கேமராவே பதப்படுத்திய கோப்பு)?

வில்லை: லென்ஸில் போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) மாட்டுங்கள். பனியில் நான் அதைக் கழற்றுவதே இல்லை.

நிழல்மரம்: மேகமூட்டமாக இருந்தால் அதனால் பெரிய பலன் இல்லை, உள்ளே வரும் வெளிச்சம்தான் குறையும்.

பழைய ஃபிலிம்: குளிர்காலம் வந்தாலே இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது. வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று படிக்காமல் கேமராவைக் குறை சொல்லாதீர்கள். எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். ஃப்ரேமில் முக்கால்வாசி பனி என்றால் பனியே சாம்பலாகும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (மீட்டர் கணக்கைவிடப் படத்தை வெளிச்சமாக்கவோ இருட்டாக்கவோ உதவும் அமைப்பு) +1 முதல் +2 வரை ஏற்றுங்கள். ஃபிலிம் காலத்தில் லென்ஸ் துளைக்கு நல்ல வெயிலில் எஃப்/16, வெயிலடிக்கும் பனியில் எஃப்/22 (எண் கூடினால் துளை சிறிது) என்று மனப்பாடம் செய்திருந்தோம்.

வில்லை: ஏற்று என்கிறீர்கள், எஃப்/22 என்றால் குறைப்பது அல்லவா?

பழைய ஃபிலிம்: அந்தக் கணக்கு மீட்டரைப் பார்க்காதது. பனி வெளிச்சத்தைத் திருப்பி வீசுவதால் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம், குறைக்கிறோம். மீட்டரை நம்பினால் அது இன்னும் அதிகமாகக் குறைத்துவிடும், அதனால்தான் ஏற்றச் சொன்னேன். இது அடிப்படை.

நிழல்மரம்: அடிப்படைதான், ஆனால் பொறுமையாகவும் சொல்லலாம். வழிப்போக்கன், நீலத்துக்கு ஒயிட் பேலன்ஸை (நிறச் சாயலைச் சரிசெய்யும் அமைப்பு) ‘மேகமூட்டம்’ என்று வைத்துப் பாருங்கள். திரையை நம்ப வேண்டாம், ஹிஸ்டோகிராமை (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் காட்டும் வரைபடம்) பாருங்கள். மேடு வலப்பக்கம் நகர வேண்டும், ஓரச் சுவரில் முட்டக் கூடாது. ஃபோகஸ் வெறும் பனியில் தடுமாறும், தண்டவாள விளிம்பில் வையுங்கள்.

கேட்கீப்பர் மகள்: யாரும் கேட்கவில்லையே, எங்கே நின்று எடுத்தீர்கள்? தண்டவாளத்துக்கு நடுவில் என்றால் தயவுசெய்து மறுபடி போகாதீர்கள். புதுப் பனி சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும், ரயில் கிட்டே வரும்வரை காதில் விழாது. வேகமாக வரும் ரயில் பிரேக் பிடித்தாலும் நிற்க ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆகலாம்.

வில்லை: ஓடாத பாதையாக இருக்கலாமே. பனியில் சக்கரத் தடமே இல்லையென்றால்?

கேட்கீப்பர் மகள்: பனி கொட்டினால் தடம் சீக்கிரமே மூடிவிடும். அதை வைத்து உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. பிளாட்பாரம், மேம்பாலம், கேட்டுக்கு வெளியே என்று எத்தனையோ இடம் இருக்கிறது. மேம்பாலத்திலிருந்து டெலி லென்ஸில் (தூரத்தைக் கிட்டே காட்டுவது) பாருங்கள், இரண்டு கோடும் வளைந்து போவது இன்னும் அழகாக வரும்.

பழைய ஃபிலிம்: இதில் அவர் சொல்வதுதான் சரி.

நிழல்மரம்: வழிப்போக்கன், இருக்கிறீர்களா? கேமரா விவரம் இன்னும் வரவில்லை.

வழிப்போக்கன்: மன்னிக்கவும், குளிரில் பேட்டரி போய்விட்டது. ஜேபெக், ஆட்டோ மோட், மேகமூட்டம். காலையில் பி மோடில் (காம்பன்சேஷனை நாமே மாற்றக்கூடிய ஆட்டோ) +1.3 வைத்து மேம்பாலத்திலிருந்து எடுத்தேன். பனி வெள்ளையாக வந்துவிட்டது. நேற்று நடுவில்தான் நின்றேன், இனி நிற்கமாட்டேன். வண்டிக்கு நேரமாகிறது, எல்லோருக்கும் நன்றி.