டிராப் கேபிள் முனைக்கு ஃபாஸ்ட் கனெக்டர் போதுமா, ஸ்ப்ளைஸ்தான் வேண்டுமா?

முகிலன்:
ஃபைபர் இணையத்துக்காகக் கம்பத்துப் பெட்டியிலிருந்து வீட்டுக்கு வரும் கண்ணாடி இழைக் கேபிளான டிராப் கேபிளின் இரு முனையிலும், மெஷின் இல்லாமல் கையாலேயே பூட்டும் ஃபாஸ்ட் கனெக்டரை மாட்டி, ஒளியை அளக்கும் பவர் மீட்டரில் எண் சரியாக வந்ததும் கிளம்பிவிடும் பழக்கம் பரவிவிட்டது. இதை நிறுத்த வேண்டும் என்கிறேன். மெஷினில் இழைகளை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைஸ் போட்டால் ஒளி இழப்பு பெரும்பாலும் 0.1 டெசிபலுக்குள் அடங்கிவிடும். ஃபாஸ்ட் கனெக்டரில் பார்த்துச் செய்தாலே 0.3 வரும், அவசரத்தில் செய்தால் 0.5ஐத் தாண்டும். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. ஸ்ப்ளைஸில் இழைகள் உருகி ஒன்றாகின்றன. கனெக்டரின் உள்ளே அவை ஜெல்லில் முட்டிக்கொண்டு நிற்பதோடு சரி. வெயிலிலும் குளிரிலும் கேபிளின் உறை நீண்டு சுருங்கும்போது அந்த முட்டல் எத்தனை நாள் அப்படியே இருக்கும்?

இழையோட்டி:
அண்ணே, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஜிபான் என்ற ஃபைபர் இணைய முறையின் பி பிளஸ் வகையில் வழியில் 28 டெசிபல் வரை ஒளியை இழக்கலாம். 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் சுமார் 17 எடுக்கும். 5 கிலோமீட்டர் கேபிளுக்கு 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் கிலோமீட்டருக்கு 0.35 என்று வைத்தால் 2கூட வராது. இடையிலுள்ள இணைப்புகளைச் சேர்த்தாலும் கையிருப்பு நிறைய மிஞ்சும். அதில் 0.3 ஒரு பொருட்டா? நான் பார்க்கும் பழுதுகளில் கனெக்டர் நுனியில் இழையைத் தாங்கும் ஃபெரூல் அழுக்கானதும், ஆணி அடித்து நசுக்கிய கேபிளும்தான் முன்னால் நிற்கின்றன. ஏணியின் உச்சியில், காற்றில், தூசியில் ஸ்ப்ளைசிங் மெஷினைத் திறந்து வைத்து வேலை செய்யச் சொல்வது எளிது.

முகிலன்:
ஏணியில் நின்று ஸ்ப்ளைஸ் போடச் சொல்லவில்லை, தம்பி. கம்பத்துப் பக்கத்துக்குத் தொழிற்சாலையிலேயே முனை கட்டிய கேபிளை வாங்குங்கள். மீதி நீளத்தைச் சுருட்டிக் கட்டிவிடலாம். வீட்டுக்குள் மேசைமேல் மெஷினை வைத்து, ஒரு முனையில் கனெக்டர் கட்டிய சிறு இழையான பிக்டெயிலோடு ஸ்ப்ளைஸ் போடுங்கள். கையிருப்பு பற்றிச் சொன்னீர்கள். அது கேபிள் அறுந்தால் ஒட்டுப் போடவும், வயதானால் தாங்கவும் வைத்திருப்பது. முதல் நாளே அதைத் தின்ன ஆரம்பிக்கலாமா? மீட்டர் காட்டுவது அந்த நிமிடத்தின் அளவு மட்டும்தான். உச்சி வெயிலில் துண்டித்து மாலையில் தானே சரியாகும் இணைப்பை அது முன்கூட்டிச் சொல்லாது.

பொன்னி:
இருவரும் முனையைப் பற்றியே பேசுகிறீர்கள். சிக்கல் கேபிள் வாங்கும்போதே தொடங்குகிறது. பல ஃபாஸ்ட் கனெக்டர்களின் வால்பிடி 2 × 3 மி.மீ. தட்டைக் கேபிளுக்கென்று செய்தது. அதில் உருண்டைக் கேபிளைத் திணித்தால் உறையைப் பிடிக்காது, இழுவிசை நேராக இழைக்குப் போகும். தொங்கவிடும் கேபிளில் தாங்குகம்பியைத் தனியாகப் பிரித்து, சுவரிலுள்ள கிளாம்பில் கட்ட வேண்டும். அது கட்டாமல் விட்ட இடத்தில் ஸ்ப்ளைஸ் போட்டாலும் நிற்காது. இழையிலும் பாருங்கள்: ஜி.657.ஏ1 என்ற இழை வகைக்குக் குறைந்தபட்ச வளைவு ஆரம் 10 மி.மீ., ஏ2 வகைக்கு 7.5. வீட்டு மூலைகளைச் சுற்ற ஏ2 வாங்குவதே நல்லது. இன்று ஜிபானின் 1490 நானோமீட்டரில் தெரியாத வளைவு, நாளை அதைவிட வேகமான எக்ஸ்ஜிஎஸ்-பானுக்கு மாறி நீண்ட அலையான 1577 வரும்போது தெரியும்.

இழையோட்டி:
பொன்னி அக்கா சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். உள்ளே எஃப்ஆர்பி (இழை சேர்த்த பிளாஸ்டிக்) கம்பி இருப்பதால் உலோகம் இல்லாத கேபிள் என்று நம்பி மின்கம்பி பக்கத்தில் கட்டுகிறார்கள். தாங்குகம்பி இரும்பாக இருந்தால் அது மின்சாரத்தைக் கடத்தத்தான் செய்யும். அந்த இடத்தில் தாங்குகம்பியும் எஃப்ஆர்பியாக இருக்க வேண்டும். வீட்டுக்குள் மட்டும் ஓடும் கேபிளுக்கு இரும்புக் கம்பி பரவாயில்லை. எஃப்ஆர்பியை ரொம்ப மடக்கினால் முறிந்துவிடும்.

சரி, முனைக்கு வருகிறேன். முகிலன் அண்ணன் கேட்ட முட்டல் சந்தேகத்துக்கு விடை கைவேலையில் இருக்கிறது. இழையின் மேல்பூச்சை ஒரே இழுப்பில் உரியுங்கள். ஆல்கஹாலில் துடைக்கும்போது கண்ணாடி கீச்சென்று சத்தம் தரும். அப்புறம் கிளீவரில் வெட்டியதும் முனை எதையும் தொடக் கூடாது, மறுபடி துடைக்கவும் கூடாது. கனெக்டருக்குள் தள்ளும்போது இழை முட்டிய பிறகு பின்பக்கம் லேசாக வில்போல் வளையும். அந்த வளைவு இருக்கும்போதே பூட்ட வேண்டும். அந்த வளைவுதான் இழையை முன்னே அழுத்திக்கொண்டே இருக்கும். வளைவில்லாமல் பூட்டுகிறவர்களின் கனெக்டர்தான் வெயிலில் விட்டுப்போகிறது. பழியை மட்டும் கனெக்டர் சுமக்கிறது.

முகிலன்:
வளைவு வைத்துப் பூட்டினால் முட்டல் நிற்கும், அதை ஏற்கிறேன். வீட்டுக்குள், நிழலில், கிளாம்பில் இழுவிசை நின்ற பிறகு என்றால் உங்கள் கனெக்டரை மறுக்க மாட்டேன். கம்பத்தில் கூடாது என்பதில் மாற்றமில்லை. அங்கே பெட்டியை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பக்கத்து வீட்டின் கேபிளும் சேர்ந்து அசைகிறது. இன்னொன்று, கழற்றிய ஃபாஸ்ட் கனெக்டரையே திரும்பத் திரும்பப் பூட்டுகிறார்கள். ஜெல்லில் கண்ணாடித் துகள் கலந்த பிறகு எந்த வளைவும் உதவாது.

பொன்னி:
அதோடு கனெக்டரின் நிறத்தைப் பாருங்கள். பச்சை ஏபிசி முனை 8 பாகை சாய்த்துத் தேய்த்தது, நீல யுபிசி அப்படி இல்லை. பச்சையை நீலத்தில் செருகினால் நடுவே காற்றிடைவெளி விழும். இழப்பும் எகிறும், ஒளி திரும்பியும் வரும். அப்படிச் செருகிவிட்டு கனெக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இழையோட்டி:
கம்பத்தில் முனை கட்டிய கேபிள், வீட்டுக்குள் எது வசதியோ அது என்றால் எனக்குச் சம்மதம். ஆனால் இரவில் மரம் விழுந்து கேபிள் அறுந்த வீட்டுக்கு, மெஷின் இல்லாத தொழிலாளி போகும்போது பையில் இரண்டு ஃபாஸ்ட் கனெக்டர் இருந்தாக வேண்டும், அண்ணே. அதையும் தடை செய்யாதீர்கள்.

முகிலன்:
இரவு அப்படிச் சரிசெய்யுங்கள், தம்பி. மறுநாள் மெஷினோடு போய் மாற்றுவதாக வேலைச்சீட்டில் எழுதுங்கள். அந்த வரியை எழுதாமல் விடுவதைத்தான் எதிர்க்கிறேன்.