பெயர் சொன்னால் திரும்பாத 22 மாதப் பையன்: பொறுத்திருப்பதா, இப்போதே காட்டுவதா?

திருப்பூர் அம்மா

எங்கள் பையன் ஒன்றரை வயதில் "அமுச்சி", "தண்ணி", "பூ" என்று ஏழெட்டுச் சொற்கள் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு மாதமாக ஒன்றுகூடச் சொல்வதில்லை. பெயர் சொல்லி எத்தனை முறை அழைத்தாலும் திரும்பாதவன், அடுத்த அறையில் விளம்பரப் பாட்டு கேட்டால் ஓடுகிறான். வேண்டியதைச் சுட்டிக் காட்டாமல், என் கையை இழுத்துப்போய் அதன்மேல் வைக்கிறான். அவன் அப்பா கம்பெனியிலிருந்து கொண்டுவரும் காலி நூல் கோன்களை வரிசையாக அடுக்குகிறான். ஒன்றை நகர்த்தினால் அரை மணி நேரம் அழுகிறான். ஆட்டிசமாக இருக்குமோ என்று கேட்டதற்கு வீட்டில் என்னைத்தான் அதட்டுகிறார்கள்.

கோபி பெரியவர்

அம்மணி, பதற வேண்டாம். என் மகன் மூன்றரை வயதில்தான் வாய் திறந்தான். இன்று பெருந்துறையில் சொந்தமாகப் பட்டறை நடத்துகிறான். கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிட்டு, தோட்டத்தில் அப்பாரு அப்பத்தாவோடு, ஆடு மாடுகளுக்கு நடுவே ஆறு மாதம் விட்டுப் பாருங்கள். குழந்தை சற்று ஒதுங்கியிருந்தாலே ஒரு பெயரைச் சூட்டி, மாதாமாதம் பணம் வாங்குவதற்குப் பயிற்சி மையங்கள் காத்திருக்கின்றன.

ஈரோடு அக்கா

ஐயா, பேச்சு வருவதற்கு முன்னால் உங்கள் மகன் வானத்தில் போகும் விமானத்தைக் கை நீட்டிக் காட்டிவிட்டு, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்தானா என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். பேச்சு மட்டும் தாமதமாகும் குழந்தை பெரும்பாலும் கையாலும் கண்ணாலும் பேசிக்கொண்டேதான் இருக்கும். தான் கண்டதை இன்னொருவரும் காண வேண்டும் என்கிற அந்த ஆசை இந்தப் பையனிடம் இருக்கிறதா என்பதே என் கேள்வி. கோன் அடுக்குவதை மட்டும் வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். அடுக்கும் குழந்தைகள் ஏராளம். ஆனால் வந்த சொற்கள் மறைந்துவிட்டன என்கிறார். அதற்கு ஆறு மாதம் பொறுப்பது தவறு.

பாட்டுக்கு ஓடுவதால் காது சரியாக இருக்கிறது என்றும் முடிவு கட்ட முடியாது. சில ஒலிகள் மட்டும் கேட்காத குறையும் உண்டு என்பதால் செவித்திறன் பரிசோதனை கட்டாயம் வேண்டும். 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு ஆட்டிச அறிகுறிகள் உண்டா என்று பெற்றோரிடம் கேட்டறிய எம்-சாட் என்ற 20 கேள்விகள் இருக்கின்றன. மதிப்பெண் 3 முதல் 7 வரை வந்தால் மேலும் விசாரிப்பார்கள். 8-ம் அதற்கு மேலும் என்றால் நேராக முழு மதிப்பீட்டுக்கு அனுப்புவார்கள்.

கோபி பெரியவர்

அந்த 20 கேள்விகள் ஆட்டிசத்தை உறுதி செய்துவிடுமா? செய்யாது என்றால், பெற்றவள் மனத்தில் எதற்கு ஒரு முள்ளைத் தைக்க வேண்டும்? எனக்கு இது கைப்பேசியால் வந்த வினையாகத்தான் தெரிகிறது.

ஈரோடு அக்கா

உறுதி செய்யாது, யாரை விரிவாகப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லும். கைப்பேசி பற்றி நீங்கள் சொன்னதில் பாதியை ஏற்கிறேன்: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் சொல்லியிருக்கிறது. எடுத்து வையுங்கள், ஆனால் அதே வாரத்தில் மருத்துவரிடமும் காட்டுங்கள். தாயின் பாசக் குறைவால் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொல்லி, பிறகு கைவிட்டார்கள். இப்போது அந்தப் பழியைக் கைப்பேசி வழியாகத் தாயின்மேல் மறுபடி ஏற்றுகிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்று ஒரு மருத்துவர் சொன்னதை நம்பி நான் என் மகனுக்கு நான்கு வயது ஆகும்வரை காத்திருந்தேன். பயிற்சிக்கு உகந்த இரண்டு ஆண்டுகள் அப்படியே போயின.

கோபி பெரியவர்

அது எனக்குத் தெரியாது, மன்னியுங்கள். இருந்தாலும் பணத்தைப் பற்றி நான் சொன்னது மாறாது. மூன்று மாதக் கட்டணத்தை முன்னதாகக் கட்டச் சொல்லும் இடத்துக்குப் போகாதீர்கள், அம்மணி.

ஈரோடு அக்கா

அதில் நமக்குள் சண்டையே இல்லை. அரசு மருத்துவமனையோடு சேர்ந்த மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தில் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். முதலில் அங்கே போகட்டும்.

திருப்பூர் அம்மா

நேற்று மாலை காம்பவுண்டு சுவர்மேல் மயில் வந்து உட்கார்ந்தது. "கண்ணு, அங்க பாரு மயிலு" என்று கை நீட்டிக் காட்டினேன். அவன் என் வளையலையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று முறை காட்டியும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமை அவன் அப்பா விடுப்பு சொல்லியிருக்கிறார், போகிறோம்.