55 சிசி விமானமும் ஆர்.எக்ஸ். 100 மெக்கானிக்கும்

கிருஷ்ணகிரியிலிருந்து:

மின்மோட்டார் வைத்த தெர்மாகோல் ரிமோட் விமானங்களை ஆறு வருடம் பறக்கவிட்டவன் நான். பெரிதாக ஒன்று கட்டிப் பார்க்கும் ஆசையில் எக்ஸ்ட்ரா 300 என்ற சாகச விமானத்தின் மாதிரியில் இறங்கினேன். இறக்கை நுனியிலிருந்து நுனிவரை 2.2 மீட்டர், எடை எட்டுக் கிலோவுக்குச் சற்று மேல், மூக்கில் 55 சிசி டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின். பதினான்கு மாதம் எங்கள் மாடி அறையில் வேறு எதற்கும் இடமில்லை.

நம் ஊரில் கட்டுபவருக்கு ஒரு வசதி உண்டு: கிரானைட். பால்சா என்ற லேசான மரச் சட்டங்களை முறுக்கு விழாமல் ஒட்ட, மட்டம் பிசகாத மேசை வேண்டும். மூலை உடைந்ததால் பட்டறையில் ஒதுக்கிப் போட்டிருந்த ஆறடிப் பலகை ஒன்று சொற்ப விலைக்குக் கிடைத்தது. அதன்மேல் குண்டூசி இறங்கும்படி ஒரு மென்பலகை. கல்லை மாடியேற்ற நான்கு பேர் தேவைப்பட்டார்கள். "விமானம் கட்டுகிறாயா, சமாதி கட்டுகிறாயா?" என்றார் அம்மா.

ஒட்டுவது, தேய்ப்பது, இஸ்திரிப்பெட்டியால் வண்ணத் தாளைச் சுருக்கி இழுப்பது எல்லாம் பொறுமை இருந்தால் வந்துவிடும். சமநிலை பார்த்தபோதுதான் வால் கனத்தது தெரிந்தது. ஈயம் வைத்து எடையைக் கூட்ட மனமில்லை. இக்னிஷன் பேட்டரியை முன்னால் எஞ்சின் பெட்டிக்கு நகர்த்தினேன். சமநிலைப் புள்ளி இறக்கைகளைத் தாங்கும் குழாயின்மேல் வந்து நின்றது. ரிமோட்டின் சைகையை வாங்கும் ரிசீவரை மட்டும் அங்கிருந்து ஒரு முழம் தள்ளியே வைத்தேன். இக்னிஷனின் மின் இரைச்சல் அதைத் தொடக் கூடாது.

பாடுபடுத்தியது எஞ்சின்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கார்புரேட்டரின் இரண்டு ஊசிகளையும் திருகித் திருகிக் கை ஓய்ந்தது. மெதுவாக ஓடும், விசையைக் கூட்டினால் திணறி நிற்கும். கடைசியில் பழையபேட்டைப் பக்கம் ஆர்.எக்ஸ். 100 பைக்குகளை (அவையும் டூ ஸ்ட்ரோக்தான்) மட்டுமே பார்க்கிற மெக்கானிக் அண்ணனிடம் போனேன். விமானத்தை அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"எண்ணெய் என்ன கணக்கு, தம்பி?"

"முப்பதுக்கு ஒன்று அண்ணே. லிட்டருக்கு 33 மில்லி."

"சரி, ஓட்டு."

எஞ்சின் சுற்றுகளை எண்ணும் சுழற்சிமானியை நீட்டினேன்; வேண்டாம் என்று கையசைத்துவிட்டுக் காதைச் சாய்த்தார். குறைவேக ஊசியை எட்டில் ஒரு சுற்றுத் திறந்தார். அவ்வளவுதான், திணறல் போய்விட்டது. முழு வேகத்தில் சத்தம் குளறியதும் அடுத்த ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினார். குளறல் நின்று ஒரே சுருதிக்கு வந்த இடத்திலிருந்து ஒரு இழை பின்னால் திருப்பிவிட்டார். "இந்த இழைதான் பிஸ்டனைக் காப்பாற்றும்" என்றார். பிறகு மூக்கு வானம் பார்க்க இரண்டு பேர் தூக்கிப் பிடித்தோம். முழு வேகத்திலும் திணறவில்லை. மானியில் நிமிடத்துக்கு 6,600 சுற்று.

ஏப்ரலில் வற்றிக் கிடந்த ஏரியில் முதல் பறப்பு. அண்ணனும் வந்திருந்தார். சுக்கான்களின் அசைவைக் குறைத்து வைத்திருந்ததால் விமானம் அடக்கமாகவே போனது. இரண்டாவது பறப்பில் ஒரு கரணம் முடித்து வெளியே வரும்போது, "சத்தம் மாறிவிட்டது, இறக்கு" என்றார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இறக்கிப் பார்த்தால் சைலன்சரின் இரண்டு போல்ட்டில் ஒன்றைக் காணோம், மற்றது பாதி கழன்று ஆடிக்கொண்டிருக்கிறது. எல்லா போல்ட்டுக்கும், கழலாமல் இருக்க மரைப்பசை தடவியவன்தான் நான். ஆனால் சாதாரணப் பசை அந்தச் சூட்டில் இளகிவிடும். மிச்சத்தை அதிர்வு பார்த்துக்கொண்டது. இப்போது போல்ட் தலைகளில் துளை போட்டுக் கம்பி முறுக்கிக் கட்டியிருக்கிறோம். மின்மோட்டார் பழக்கத்தில் வருபவர்கள் அதிர்வைக் கடைசியில்தான் நினைக்கிறோம்.

பாலக்கோட்டிலிருந்து:

உங்களுக்கு போல்ட், எனக்கு ரப்பர் குழாய். பழைய மெத்தனால் விமானத்தில் மிஞ்சிய சிலிக்கோன் குழாயையே பெட்ரோல் டாங்கிக்குள்ளும் போட்டேன். பெட்ரோலில் சிலிக்கோன் ஊதிப்போகும் என்று யாரும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. பத்தாவது நாள், ஆகாயத்தில், குழாய் முனை நழுவி எஞ்சின் நின்றது. விமானம் போய் இறங்கிய இடம் குச்சி நட்டுக் கட்டிய தக்காளித் தோட்டம். தோட்டத்து அம்மா ஓடி வந்து முதலில் கேட்டது, "உள்ளே ஆள் யாரும் இல்லையே?" இல்லை என்றதும் சாய்ந்த செடிகளை எண்ணத் தொடங்கினார். பதினொன்று. பணம் கொடுத்து, இரண்டு கூடை தக்காளியும் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் ஒரு வாரம் தக்காளித் தொக்கு.

ஓசூரிலிருந்து:

கெட்டுப்போவது குழாய் மட்டும் அல்ல. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். மழைக்காலம் முழுவதும் டாங்கியை வடிக்காமல் விட்டேன். கார்புரேட்டரைப் பிரித்தபோது உள்ளே இருந்த சவ்வு காய்ந்த அப்பளம்போல விறைத்திருந்தது. மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கடைசித் துளி தீரும்வரை ஓட்டிவிட்டு வையுங்கள். இன்னொன்று: எங்கள் பக்கம் பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருப்பதால், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் நான் வண்டியே எடுப்பதில்லை.

கிருஷ்ணகிரிக்காரரே, அந்த அண்ணனுக்குக் கூலி எவ்வளவு கொடுத்தீர்கள்?

கிருஷ்ணகிரியிலிருந்து:

காசு வாங்க மறுத்துவிட்டார். ஐந்து நிமிடம் ரிமோட்டைக் கையில் கொடு, போதும் என்கிறார். நான்கு மாதமாகச் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.