விமானச் சத்தம்: டபுள் கிளாஸ் ஜன்னல் மட்டும் போதுமா?

பொழிச்சலூர்வாசி:
விமானம் இறங்கும் பாதைக்கு நேர் கீழே வீடு. மாடியில் 10-க்கு 12 படுக்கையறை, 9 அங்குலச் செங்கல் சுவர், கான்கிரீட் தளம். 4-க்கு 4 ஸ்லைடிங் ஜன்னல் ஒன்று, கண்ணாடி 4 மி.மீ. அதன் மேலே வென்டிலேட்டர். 12 மி.மீ. இடைவெளி விட்ட டபுள் கிளாஸ் போடச் சொல்கிறார்கள். போதுமா? பக்கத்து மனையில் தகரக் கூரையின் கீழ் நர்சரி வகுப்பும் நடக்கிறது. அதற்கு என்ன வழி?

ஒலித்தடுப்பு:
முதல் வேலை, அந்த வென்டிலேட்டரைச் செங்கல் வைத்து அடைத்து இருபுறமும் பூசுவது சார். ஜன்னல் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு சந்து இருந்தாலே, என்ன கண்ணாடி போட்டாலும் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. ஏ.சி. குழாய் நுழையும் ஓட்டையில் தெர்மகோல் திணித்திருந்தால் பிடுங்கிவிட்டு சீலன்ட் வையுங்கள்.

12 மி.மீ. டபுள் கிளாஸ் வெயிலுக்கு நல்லது, விமான உறுமலுக்கு உதவாது. இரண்டு 6 மி.மீ. கண்ணாடிக்கு நடுவே அடைபட்ட காற்று ஸ்பிரிங் போல ஆடும். அந்த அதிர்வு 200 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. உறுமலும் அந்தப் பக்கம்தான். பழைய ஜன்னலை அப்படியே விட்டு, சுவரின் உள்பக்கம் 100 மி.மீ. தள்ளி 6.38 மி.மீ. லேமினேட்டட் கண்ணாடியில் (இரண்டு கண்ணாடியை நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது) இரண்டாவது ஜன்னல் வையுங்கள். அதிர்வு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கிவிடும். இதுவும் ஸ்லைடிங் என்றால் காசு வீண், ஓரத்துச் சந்தில் ஒட்டும் பிரஷ் நாடா வழியே சத்தம் நுழையும். கீல் வைத்த கதவு, சுற்றிலும் சந்தை அடைக்க இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர், பல இடத்தில் இறுக்கிப் பூட்டும் மல்டி பாயின்ட் லாக். கண்ணாடி மட்டுமே 23 கிலோ வரும். இரண்டு கதவாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஃபிரேமைச் சுற்றி ஃபோம் அடித்துவிட்டுப் போவார்கள். அதன்மேல் சிலிக்கோன் சீலன்ட் பூசினால்தான் வேலை முடிந்தது.

காற்றோட்டம்:
எல்லாம் அடைத்தபின் மூச்சுக்கு வழி வேண்டுமே! ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவராது. குழாய்க்குள்ளேயே பொருத்தும் சின்ன இன்லைன் ஃபேன் வைத்து, உள்ளே கண்ணாடிக் கம்பளி ஒட்டிய டக்ட்டை (காற்றுக் குழாயை) இரண்டு இடத்தில் மடக்கி எடுங்கள். நேராக விட்டால் அடைத்த சத்தம் அதன் வழியே வந்துவிடும்.

கூரை வேலை:
நர்சரிக்கு ஜன்னலை விடக் கூரைதான் முக்கியம். மினரல் ஃபைபர் டைல் மட்டும் தொங்கவிட்டால் எதிரொலி குறையும், விமானம் அப்படியே கேட்கும். எடைதான் தடுக்கும். சுவரிலிருந்து சுவருக்குத் தனி இரும்புச் சட்டம். தகரத்தைத் தாங்கும் கம்பியில் மாட்டினால் அதிர்வு நேரே இறங்கும். சட்டத்தின் அடியில் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு இரண்டு அடுக்கு, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல். மேலே 50 மி.மீ. ராக்வூல் (பாறை இழைக் கம்பளி), கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி. வெயிலும் குறையும், பிள்ளைகளுக்கு அதுவே பெரிய நிம்மதி. தகரத்தில் ஒழுகல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். நனைந்த ஜிப்சம் தொங்கி விழும்.