கம்பெனி டிரெய்லரில் ஹெட்லைட் மங்கல், எல்.இ.டி. போடலாமா?

கேட்டவர்: பனியன் கன்டெய்னர்
வணக்கமுங்க. திருப்பூரிலிருந்து தூத்துக்குடி துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஓட்டுகிறேன். வண்டி கம்பெனியுடையது, நான் சம்பளத்துக்கு ஓட்டுபவன். 24 வோல்ட், எச்4 பல்பு (பிரைட், டிம் இரண்டு இழையும் ஒரே பல்பில்). டிம்மில் போனால் வெளிச்சம் மஞ்சளாக பம்பருக்கு முன்னாடியே விழுந்து கிடக்கிறது. தாராபுரம் தாண்டினால் பின்விளக்கு இல்லாத வைக்கோல் டிராக்டர்கள், கிட்டத்தில் போன பிறகுதான் தெரிகின்றன. சூப்பர்வைசரிடம் சொன்னால், "எரியுதில்ல, ஓட்டு" என்கிறார். கைக்காசு போட்டு எல்.இ.டி. மாற்றிவிடலாமா?

சங்ககிரி 14 வீல்
100/90 வாட் பல்பு (பிரைட் 100, டிம் 90) போடுங்க தம்பி. பகல் மாதிரி இருக்கும்.

திருச்செங்கோடு எலெக்ட்ரீசியன்
அண்ணன் சொல்வதைச் செய்யாதீங்க. வண்டி தயாரிப்பாளர் போட்டு வருவது 75/70 வாட். அதற்குத்தான் அந்த ஒயரும், பல்பின் பின்னைச் செருகும் கப்ளரும். 100/90 போட்ட வண்டிகளில் கப்ளர் உருகி பின்னோடு ஒட்டிக்கொண்டு என் பட்டறைக்கு வருவது வாடிக்கை.

எல்.இ.டி.யில் வேறு சிக்கல். எச்4 பல்பில் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்னத் தகடு இருக்கும், அதுதான் வெளிச்சம் மேலே சிதறாமல் தடுப்பது. எல்.இ.டி. சிப் அந்த இழை இருந்த இடத்தில் அச்சாக உட்காராவிட்டால், எதிரே வருபவன் கண் கூசும், உங்களுக்கோ தூரம் கிடைக்காது.

முதலில் வோல்டேஜ் பாருங்க. இன்ஜின் ஓடும்போது, லைட்டைப் போட்டுவிட்டு, பேட்டரியில் ஒரு முறை, பல்பு கப்ளரில் ஒரு முறை மீட்டர் வையுங்க. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். அப்புறம் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை பல்பின் எர்த் பின்னிலும் வைத்துப் பாருங்க. அரை வோல்ட் காட்டினாலே எர்த் கோளாறுதான்.

நாமக்கல் ஓனர்
ஓனர் பக்கத்துப் பேச்சையும் கேளுங்க. ஆர்.சி. யார் பேரிலோ அவர் சம்மதம் இல்லாமல் ஒயரில் கை வைக்காதீங்க. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைப் பற்றித்தான் பேசுகிறது. எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனையில் மாட்டினால் பழி டிரைவர் தலையில்தான் விழும். டிராக்டர் விஷயத்தை எழுதி, இரவில் எடுத்த போட்டோவோடு வாட்ஸ்அப்பில் அனுப்புங்க. வாயால் சொன்னதை மறந்துவிடுவார்கள், எழுதியதை மறுக்க முடியாது.

கேட்டவர்
பார்த்துவிட்டேனுங்க. பேட்டரியில் 27.8, இடது கப்ளரில் 24.6. எர்த் பக்கம் மட்டும் 1.9 வோல்ட். சேஸிஸ் போல்ட்டில் ஒரே துரு. ஷெட் எலெக்ட்ரீசியன் எமரி தேய்த்து முறுக்கினார், கப்ளரில் இப்போது 26.4. மஞ்சள் போய் வெள்ளையாக எரிகிறது. ஆனால் இடது பக்கம் இன்னும் தரையைத்தான் பார்க்கிறது.

திருச்செங்கோடு எலெக்ட்ரீசியன்
அப்போ லெவல் பாருங்க. சமதளம், டயரில் சரியான காற்று, காலி டிரெய்லர் கோர்த்தபடி, கேபினில் லைட்டை ஏற்றி இறக்கும் லெவல் குமிழ் இருந்தால் அது 0-வில். சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, லைட் நடுப்புள்ளியின் உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறியுங்க. ஹெட்லைட் பக்கத்திலோ அதன் மேலேயோ ஒரு சதவீத எண் அச்சடித்திருக்கும். 1 என்றால் டிம் வெட்டுக்கோடு, அதாவது வெளிச்சத்தின் மேல் விளிம்பு, சாக்பீஸ் குறிக்கு 10 செ.மீ. கீழே விழ வேண்டும்.

கோடு இடது பக்கம்தான் மேலே ஏற வேண்டும், நாம் இடதில் போகிறோமே. வலதில் ஏறினால் அது வலதில் ஓட்டும் வெளிநாட்டு லைட், கழற்றிப் போடுங்க.

லோடு ஏறினால் பின்னால் அமுங்கி மூக்கு தூக்கும். அப்போது குமிழைத் திருகி இறக்கிக்கொள்ளுங்க.

கேட்டவர்
இடது 30 செ.மீ. கீழே இருந்ததுங்க. லைட் உயரம் 90 செ.மீ.தான்.

திருச்செங்கோடு எலெக்ட்ரீசியன்
அப்படியென்றால் 30 மீட்டரிலேயே தரையில் முட்டுகிறது. 60 கி.மீ. வேகத்தில் அந்த தூரம் இரண்டு வினாடிகூட இல்லை. போட்டோவோடு அந்தக் கணக்கையும் சூப்பர்வைசருக்கு அனுப்புங்க.

கேட்டவர்
அனுப்பினேன். திருகைத் திருப்பி 10 செ.மீ.க்குக் கொண்டுவந்தாச்சு. கண்ணாடி மங்கல்தான் பாக்கி. பாலிஷ் போட ஷெட்டில் விடச் சொல்லிவிட்டார்.

சங்ககிரி 14 வீல்
பாலிஷ் போட்ட கையோடு யு.வி. கோட்டிங்கும் அடிக்கச் சொல்லுங்க தம்பி. இல்லாவிட்டால் சீக்கிரமே பழையபடி மஞ்சளாகிவிடும்.